வேடந்தாங்கலில் ஒரு மார்கழி நாள்

நம் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பனிக் காலம் என்றவுடன், ஏரிநீர் உறைந்து கல்லாகும் வடபுலக் குளிரை எண்ணுதல் வேண்டா. நம் நாட்டுப் பனி புல்லின் நுனியில் முத்தாக நின்று, கதிரவன் பனைமர உயரம் எழுவதற்குள் மறைந்து போவது. எனினும், வைகறையில் வயல்வெளியில் நடப்பவர்க்குப் பல்லோடு பல் மோதும் அளவிற்குக் குளிர் உண்டு. அத்தகைய மார்கழி நாள் ஒன்றில் ஓர் ஏரிக்கரையில் யான் கண்டவற்றையும் கற்றவற்றையும் இப்பாடத்தில் கூறப் புகுகின்றேன்.

யான் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தவன். நாரை, குருகு, கொக்கு, தாரா முதலிய புட்பெயர்கள் பாடத்தில் வருங்காலெல்லாம், பழைய உரையாசிரியர் வழிநின்று, ‘ஒருவகைப் பறவை’ என்று பொருள் கூறி மேலே சென்றுவிடுவேன். மாணவரும் அதனை அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுவர். எட்டாம் வகுப்பிற் பயிலும் என் பேரன் ஒருநாள், “தாத்தா, ‘ஒருவகை’ என்றால் எந்த வகை? அப்பறவையைத் தாங்கள் கண்டதுண்டா?” என்று வினவினான். எனக்கு விடை கூற இயலவில்லை. சொல்லை அறிந்து பொருளை அறியாதிருத்தல் பாதிக் கல்வியே என்பதை அன்று உணர்ந்தேன். அவனையும் அழைத்துக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டேன்.

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்து உள்ளதொரு சிற்றூர். சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. யாங்கள் பேருந்தினின்றும் இறங்கியபொழுது கீழ்வானம் சிறிதே வெளுத்திருந்தது. இருமருங்கும் நெல்வயல்கள், அவற்றின்மீது மெல்லிய வெண்துகில் போர்த்தாற்போல மூடுபனி படர்ந்திருந்தது. பேரன் கம்பளிச் சட்டையின் கைகளை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். யான் துண்டினைத் தலையிற் சுற்றிக்கொண்டேன்.

ஏரியை அடையுமுன்னரே பாடம் தொடங்கிவிட்டது. மின்கம்பியின்மேல் கரிச்சான் ஒன்று அமர்ந்து, பிளவுபட்ட நீண்ட வாலை அசைத்துக்கொண்டிருந்தது. அது திடீரெனக் கீழே பாய்ந்து, பறந்து சென்ற பூச்சி ஒன்றைக் கவ்விக்கொண்டு, புறப்பட்ட இடத்திற்கே மீண்டது. வேலிப் பனைமீது பனங்காடை வாளாவிருந்தது. அமர்ந்திருக்கும்பொழுது மங்கிய நிறத்ததாய்த் தோன்றும் அப்பறவை, சிறகை விரித்தவுடன் நீலமணி போல் ஒளிர்ந்தது. “ஈது ஒன்றா, இரண்டா?” என்று பேரன் வியந்தான். வரப்பில் நின்ற ஆள்காட்டிக் குருவி எங்களைக் கண்டதும் கூவி எழுந்து, ஊரறிய எங்கள் வரவை உரைத்தது. அதன் பெயர்க்காரணத்தை யான் எடுத்துரைக்க வேண்டிய தேவை நேரவில்லை.

கதிரவன் எழும் வேளையில் ஏரிக்கரைமீது ஏறினோம். கண்ட காட்சியைச் சொல்லால் உணர்த்துதல் அரிது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்நீர்நிலையின் உள்ளே நீர்க்கடம்பும் கருவேலும் இடுப்பளவு நீரில் நிற்கும் மாந்தரைப் போல நின்றன. அம்மரங்களில் இலைகளினும் மிகுதியாகப் பறவைகள் இருந்தனவோ என ஐயுறும்படி, கிளைதோறும் கூடுகள். கூடுதோறும் வெண்மையும் கருமையும் சாம்பலும் கலந்த உருவங்கள். அவை எழுப்பிய ஒலி, பெருஞ்சந்தையின் இரைச்சலைத் தொலைவினின்று கேட்பது போன்றிருந்தது. குளிரை யாங்கள் இருவரும் மறந்தோம்.

பேரன் இருகண் தொலைநோக்கி ஒன்று கொணர்ந்திருந்தான். அதன் வழியே முதற்கண் யான் கண்டது ஒரு நத்தைகுத்தி நாரை. அதன் மேலலகும் கீழலகும் நுனியில் கூடினும் நடுவே இடைவெளி காணப்பட்டது. முதலில் யான் அதனைக் குறையெனக் கருதினேன். பின்னர்தான் அது நத்தையைப் பற்றி, ஓட்டினின்றும் தசையை வெளிக்கொணர்வதற்கு உதவும் அமைப்பு என்பதை அறிந்தேன். இவ்விடைவெளி குஞ்சுகளுக்கு இல்லை. வளர வளரவே உண்டாகின்றது.

அலகுகளை ஒப்புநோக்குவதே அன்றைய பொழுதின் பேரின்பமாயிற்று. கரண்டிவாயன் என்னும் பறவையின் அலகு நுனியில் அகன்று அகப்பையை ஒத்திருந்தது. அது கரையோரச் சேற்றுநீரில் அலகைச் சிறிதே திறந்து, வலமும் இடமுமாக அரிவாள் வீசுவது போல் வீசி நடந்தது. அலகினுள் அகப்பட்ட சிற்றுயிரைப் பற்றிக்கொண்டது. மஞ்சள் மூக்கு நாரை கலங்கல் நீரில் அலகைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். மீன் தொட்ட அளவில் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் காணாது தொடுஉணர்வாலேயே அது வேட்டையாடுகின்றது. வளைந்த கரிய அலகினையுடைய அரிவாள் மூக்கன் ஈரமண்ணைக் கிளறிப் புழுபூச்சிகளைத் தேடியது. கூழைக்கடாவோ, கீழலகில் தொங்கும் தோற்பையை வலையாக்கி, மீனை நீரோடு முகந்து, நீரை வடித்துவிட்டு மீனை மட்டும் விழுங்கியது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிப்பன. அவற்றின் இறகுகள் எளிதில் நனைவன. ஆதலின் அவை வெளிவந்து, வெயிலில் ஆடை உலர்த்துவார்போலச் சிறகை விரித்து நின்றன.

“ஒரே ஏரியில் இத்தனை பறவைகள் எவ்வாறு சண்டையின்றி உண்கின்றன?” என்று பேரன் கேட்டான். அவன் கேள்வியிலேயே விடையும் அடங்கியிருந்தது. ஒன்று நத்தையை நாடுகின்றது. ஒன்று புழுவை நாடுகின்றது. ஒன்று மேல்மட்டத்து மீனையும், ஒன்று ஆழத்து மீனையும் நாடுகின்றன. வக்கா என்னும் இராக்கொக்கு, ஏனையவை கூடடையும் மாலையில் இரைதேடப் புறப்படுகின்றது. இடமும் இரையும் பொழுதும் வேறுபடுதலால் ஒரு நீர்நிலை பலர்க்கும் உணவளிக்கின்றது. தச்சனுக்கு உளியும் உழவனுக்குக் கலப்பையும் போன்று, பறவைக்கு அலகே தொழிற்கருவி.

இவ்விடத்து ஒரு பிழையான எண்ணத்தைக் களைதல் வேண்டும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் யாவும் கடல்கடந்து வந்தவை எனப் பலர் நினைக்கின்றனர். அது பொருந்தாது. நாரையும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் நம் நாட்டிலேயே வாழ்பவை. மழை பெய்து ஏரி நிரம்புமிடம் நாடி ஊர்விட்டு ஊர் வந்து, இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மெய்யான தொலைநாட்டு விருந்தினர் வேறு. நீரின் நடுவே கூட்டமாக மிதந்த நீலச்சிறகு வாத்தும் ஊசிவால் வாத்தும் தட்டையலகு வாத்துமே அவர். அவை ஆசியாவின் வடபகுதியினின்றும் வருவன. அங்கே குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துவிடும். உணவு பனிக்கட்டியின்கீழ்ச் சிறைப்பட்டுவிடும். ஆதலின் அவை தெற்கே வந்து பனிக் காலத்தைக் கழித்து, கோடை தொடங்குங்கால் மீள்கின்றன. அங்கே கோடையில் பகல் நீண்டும் பூச்சிகள் மலிந்தும் இருத்தலால், குஞ்சுகளை அங்கேதான் வளர்க்கின்றன. சுருங்கக் கூறின், நாரைக்கு இவ்வேரி தாய்வீடு. வாத்துக்கு இது விருந்தினர் இல்லம்.

பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை மாந்தர் எவ்வாறு அறிந்தனர்? 1899-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் என்பார், மைனா இனத்துப் பறவைகளின் கால்களில் எண்ணும் முகவரியும் பொறித்த சிறு உலோக வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். வளையமிட்ட பறவை வேறோரிடத்து அகப்படுமாயின், அது சென்ற வழி புலப்படும். இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் இப்பணியை வளர்த்தனர். தமிழகத்தின் கோடியக்கரையிலும் அக்கழகத்தார் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்டனர். பள்ளி ஆசிரியர் ஒருவரின் ஆர்வம் ஓர் அறிவியற் கருவியாயிற்று என்பது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

அப்பொழுது பேரன், சத்திமுத்தப் புலவர் பாடிய நாரைப் பாட்டை நினைவுகூர்ந்தான். மதுரையில் குளிரால் வருந்திய அப்புலவர், வறுமையில் வாடும் தம் மனைவிக்கு நாரையைத் தூதுவிட்டார் என்பதை நீவிர் அறிவீர். “அந்த நாரை இம்மரத்தில் உள்ளதா, தாத்தா?” என்றான் அவன். யாங்கள் இருவரும் தொலைநோக்கியால் தேடினோம். மஞ்சள் மூக்கு நாரைக்கு அலகு மஞ்சள். நத்தைகுத்தி நாரைக்கு அலகு சாம்பல் நிறம். புலவர் கண்ட நாரைக்கோ காலும் சிவப்பு, அலகும் சிவப்பு. மேலும், அது தெற்கே குமரிவரை சென்று வடக்கே திரும்பும் பறவை. இவ்விரு குறிகளும் வெண்ணாரை என்னும் வலசைப் பறவைக்கே பொருந்தும் என அறிஞர் சிலர் கருதுவர். அது ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துப் பனிக் காலத்தில் இந்தியாவிற்கு வருவது. அன்று அதனை யாங்கள் காணவில்லை. எனினும், புலவர் கண்ணாற் கண்டே பாடினார் என்பதும், ‘ஒருவகைப் பறவை’ என்று யான் கூறிவந்த பொருள் அவருடைய நுண்ணிய நோக்கிற்கு இழுக்கே என்பதும் அன்று எனக்குத் தெளிவாயின.

நண்பகல் நெருங்கியது. பறவைகள் பெரும்பாலும் அசைவின்றிக் கூடுகளில் அமர்ந்திருந்தன. அவை கூட்டமாக எழுந்து பறக்கும் அழகைக் காண வேண்டும் என்னும் ஆசை பேரனுக்கு எழுந்தது. அவன் கரையிற் கிடந்த கல்லொன்றை எடுத்து, மரத்தை நோக்கி எறியக் கையை ஓங்கினான். யான் அதனைக் கண்டும், கல் அத்துணைத் தொலைவு செல்லாது என்றெண்ணித் தடுக்காதிருந்தேன். அவ்வேளையில் பின்னிருந்து ஒரு முதியவர், “வேண்டாம் தம்பி!” என்று மெல்லிய குரலில் கூறி, அவன் கையைப் பற்றினார். அவர் அவ்வூர் உழவர்.

“அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணாதே. முட்டையின்மேல் இருக்கிறார்கள். நீ கல் எறிந்தால் தாய் எழுந்துவிடும். அதோ, அந்தக் காகத்தைப் பார்” என்றார் அவர்.

யாங்கள் நோக்கினோம். ஒரு கிளையில் காகம் ஒன்று கூடுகளை உற்றுநோக்கியவாறு பொறுமையாகக் காத்திருந்தது. தாய் எழுந்த நொடியில் முட்டை அதற்கு இரையாகும். காகம் எடாது விடினும், நண்பகல் வெயில் மூடாத முட்டையைக் கெடுத்துவிடும். குஞ்சு பொரித்த கூடுகளில் தாய்ப்பறவை சிறகைக் குடைபோல் விரித்து நிழல் செய்துகொண்டு நின்றதை அப்பொழுதுதான் யாங்கள் கண்டோம். எங்கட்குக் கணநேரக் காட்சி. பறவைக்கோ ஓராண்டு முயற்சி. பேரன் கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்தான். அவனைத் தடுக்காதிருந்த யானும் தலைகுனிந்தேன்.

அம்முதியவர் எங்களைக் கரைமரத்து நிழலில் அமர்த்தி, தம் ஊரின் வரலாற்றை எடுத்துரைத்தார். அவர் கூறியதும், நூல்களில் யான் பின்னர்க் கண்டதும் ஒத்திருந்தன. ‘தாங்கல்’ என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல். வேடந்தாங்கல் என்பதை வேடர்தம் ஏரி எனப் பொருள் கொள்வர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கும்பினியின் படைவீரர் சிலர் இங்கு வந்து, கூடுகளில் இருந்த பறவைகளைச் சுட்டுக் கொன்றனர். ஊரார் அதனைப் பொறாராயினர். அக்காலத்துச் செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு என்பாரிடம் சென்று முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்கு வழங்கி அவர் ஒரு பட்டயம் அளித்தார். 1858-ஆம் ஆண்டில் அவ்வுரிமை புதுப்பிக்கப் பெற்றது. 1936-இல் இவ்வேரி பறவைகளின் புகலிடமாக ஏற்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில், ஈரத்தடங்களைக் காத்தற்பொருட்டு 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் பட்டியலில் வேடந்தாங்கலும், அதன் அண்மையிலுள்ள கரிக்கிலியும் இடம்பெற்றன.

மாணவர்களே! இதனைச் சிறிது எண்ணிப் பார்மின். காட்டுயிர்க் காப்புச் சட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, எழுத்தறிவு மிகாத உழவர் சிலர், படைக்கலம் ஏந்திய ஆட்சியின் முன்சென்று, வாயில்லா உயிர்களுக்காக வழக்குரைத்தனர். வேடர் பெயர் தாங்கிய ஊர், வேட்டையை விலக்கிய ஊராயிற்று. கூடுகளில் இருக்கும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளித் திருநாளிலும் வெடி வெடித்தலை அவ்வூரார் தவிர்த்து வருகின்றனர்.

“இதனால் உங்கட்கு ஆவது யாது?” என்று யான் முதியவரை வினவினேன்.

அவர் நகைத்து, “ஐயா, வானம் தருவது தண்ணீர், இவர்கள் தருவது எரு. இரண்டும் சேர்ந்துதான் மதகு வழியாக எங்கள் வயலுக்கு வருகின்றன” என்றார்.

அவர் கூறியது அறிவியலுக்கும் ஒத்ததே. பறவைகள் சுற்றுப்புறத்து வயல்களிலும் குளங்களிலும் இரை தேடி, இங்கு வந்து தங்குகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கின்றது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்கு உரமாகின்றன. நத்தைகுத்தி நாரை வயல்களிலுள்ள நத்தைகளை உண்டு நெற்பயிர்க்கு உதவுகின்றது. ஊரார் ஏரியைக் காத்தனர். ஏரி பறவைகளைக் காத்தது. பறவைகள் வயலைக் காத்தன. வயல் ஊராரைக் காத்தது. இது வட்டமாய்ச் சுழலும் ஓர் உறவு. அதில் எக்கண்ணி அறுந்தாலும் ஏனையவும் நில்லா.

அக்கண்ணிகளுள் முதன்மையானது நீர். மரங்களைச் சூழ்ந்து நீர் நிற்பதாலேயே பூனையும் நரியும் கூடுகளை அணுக இயலுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதத்து வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வகழி இல்லாமற் போகின்றது. “மழையில்லா ஆண்டில் அவர்கள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வாண்டு ஊரில் பிள்ளைகள் இல்லாத வீடு போல இருக்கும்” என்று கூறுகையில் முதியவரின் குரல் தாழ்ந்தது. வரத்துக் கால்வாயைத் தூர்த்தாலும், ஏரியின் உட்பரப்பை வளைத்தாலும், நீரில் கழிவைக் கலந்தாலும் மழை பெய்தும் பெய்யாத ஆண்டாகவே முடியும். துப்பாக்கி ஒரு நாளைய பறவைகளைக் கொல்லும். நீர்நிலையின் அழிவோ இனிவரும் பறவைகளையும் வாராமற் செய்துவிடும்.

மாலை வந்தது. கதிரவன் சாய்ந்து, மீண்டும் குளிர் படரத் தொடங்கியது. இரைதேடச் சென்றிருந்த பறவைகள் வானில் மாலை தொடுத்தாற்போல் வரிசைவரிசையாகத் திரும்பின. அரிவாள் மூக்கன் கூட்டம் ஒன்று எங்கள் தலைமீது பறந்தபொழுது அவற்றின் சிறகொலியைக் காதாரக் கேட்டோம். காலையில் பேரன் காண விரும்பிய காட்சி, கல்லெறியாமலே எங்கட்கு வாய்த்தது. அவ்வேளையில் வக்காக்கள் மரங்களினின்றும் எழுந்து தம் இரவுப் பணிக்குப் புறப்பட்டன. வருவோரும் செல்வோருமாக அவ்வானம், பகற்காவலர் செல்ல இராக்காவலர் வரும் நகரவாயில் போன்றிருந்தது.

பேருந்தில் திரும்புங்கால் பேரன் தன் குறிப்பேட்டை எனக்குக் காட்டினான். அன்று கண்ட பறவைகளுள் 27-க்குப் பெயரும் அலகின் வடிவும் நிறமும் அதில் எழுதியிருந்தான். இறுதி வரியில் ஒரு காகத்தின் படம் வரைந்து, அதன் அருகே ஒரு கல்லையும் வரைந்திருந்தான். அதற்கு யான் விளக்கம் கேட்கவில்லை.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஏரியோ குளமோ கண்மாயோ ஒன்று இருக்கும். பனிக் காலத்து விடுமுறை நாளொன்றில், விடியுமுன் எழுந்து அதன் கரைக்குச் செல்லுங்கள். பளிச்சிடும் நிறத்து ஆடைகளைத் தவிர்த்து, ஓசையின்றி ஓரிடத்தில் அமருங்கள். கூட்டை நெருங்காதீர்கள், கல்லையும் கையொலியையும் மறந்துவிடுங்கள். கண்டதைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாத பறவைக்கு உங்கள் ஊர் உழவரிடமும் மீனவரிடமும் பெயர் கேளுங்கள். அகராதியில் இல்லாத நல்ல தமிழ்ச் சொற்கள் அவர் நாவில் உண்டு. நாளை ஒருவர் உங்களிடம் நாரை என்பது யாதென வினவினால், ‘ஒருவகைப் பறவை’ என்று கூறி அமையாது, அதன் அலகையும் காலையும், அது நிற்கும் நீரையும், அந்நீரைக் காத்த மாந்தரையும் சேர்த்துக் கூறுங்கள். அதுவே அச்சொல்லின் முழுப்பொருள் ஆகும்.